தென்னை மறைக்கும், மலை மறைக்காது: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கேரவனும் ஒரு டிஷ்ஷும்

இந்த எபிசோடு கேரவன் பத்தி. கேரவன்னு சொன்னதுமே ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ உட்கார்ந்திருக்கிற ஏசி வண்டிதான் உங்களுக்கு ஞாபகம் வரும். தேனிப் பக்கம் அந்த மாதிரி வண்டியை ஊர்க்காரங்க நிறையவே பார்த்திருக்காங்க. நான் சொல்லப்போறது அது இல்ல. வாடகைக்கு எடுத்த ஒரு டெம்போ டிராவலர். உள்ளே ரெண்டு பேர் படுக்க இடம், ஒரு சின்ன அடுப்பு, ஒரு 24 இன்ச் டிவி. போனதும் ரெண்டே பேர்தான், நானும் அப்பாவும்.

அம்மா தவறி பதினோரு மாசம் ஆகியிருந்தது. அதுக்கப்புறம் அப்பா ஒரு ராத்திரிகூட வீட்டைவிட்டு வெளியே தங்கினது இல்ல. நாலு நாள் தேனி, கம்பம் பக்கம் போயிட்டு வரலாம்ப்பான்னு சொன்னதுக்கு, அவர் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "ராத்திரி நியூஸ் பாக்க முடியுமாடா?" அம்மாவும் அவரும் சாப்பாட்டுத் தட்டோட உட்கார்ந்து நியூஸ் பாக்குறது வழக்கம். பாக்குறாங்கன்னு சொல்றதைவிட நியூஸோட சண்டை போடுவாங்கன்னு சொல்லலாம். முடியும்ப்பான்னு சொல்லிட்டேன். எப்படின்னு அப்போ எனக்குத் தெரியாது.

ஃபோன்ல பாத்துக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். "உள்ளங்கை அகலத்துல என்னத்தப் பாக்குறது"ன்னுட்டார். அதோட, தேனியிலிருந்து குமுளி போற மெயின் ரோட்டுல சிக்னல் நல்லா இருந்தாலும், தோட்டத்துக்குள்ள, மலையடிவாரத்துல வண்டியைத் திருப்பினா கம்பி ஒவ்வொண்ணா குறையும். அது ஏன்ங்கிறதுதான் இந்த எபிசோடோட மையம், கொஞ்ச நேரத்துல வர்றேன்.

முதல்ல சாமான். மாசாமாசம் பணம் கட்டவேண்டாம்னு டிடி ஃப்ரீ டிஷ் எடுத்தேன். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்ங்கிற பேர்ல தொடங்கினதுதான் இது. ஒரு 60 செ.மீ. டிஷ், ஒரு எல்.என்.பி., ஒரு செட்டாப் பாக்ஸ், கொஞ்சம் கேபிள். ஒருதடவை வாங்கினா முடிஞ்சது. ஆனா நாம வழக்கமா பாக்குற பெரிய தமிழ் சீரியல் சேனல்களை இதுல எதிர்பார்த்து ஏமாறாதீங்க. அப்பாவுக்கு அது பிரச்சினை இல்ல, அவர் தூர்தர்ஷன் ஆளு. 2024 ஜனவரியில பொதிகை 'டிடி தமிழ்' ஆயிடுச்சு, அவர் வாயில இன்னும் பொதிகைதான். கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு ஒரு தகவல்: 2007-ல வந்த ஒரு சட்டப்படி, முக்கியமான மேட்ச்களோட ஒளிபரப்பை தனியார் சேனல் பிரசார் பாரதியோட பகிர்ந்துக்கணும். அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனோட சொந்த தரைவழி சேவையிலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் வரலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கேபிள்ல வராத மேட்ச் ஓசி டிஷ்ல வர்ற மர்மம் இதுதான்.

முதல் ராத்திரி வீரபாண்டி தாண்டி, முல்லைப் பெரியாற்றுத் தண்ணி பாயற ஒரு தென்னந்தோப்புல நிறுத்தினோம். தெரிஞ்சவங்க தோப்பு, அருமையான நிழல். நான் ஊர்ல இருக்கும்போதே வெளிநாட்டுக் கேரவன்காரங்க வீடியோ அஞ்சாறு பார்த்து வச்சிருந்தேன். அதுல எல்லாரும் டிஷ்ஷை நேரா நிமிர்த்தி, கிட்டத்தட்ட அடிவானத்தைப் பாக்குற மாதிரி வைப்பாங்க. நானும் அப்படியே வச்சேன். வண்டி கூரைமேல ஏறி ரெண்டு மணி நேரம் இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பினேன். ஒண்ணும் வரல. கீழே அப்பா தட்டை மடியில வச்சுக்கிட்டு, புள்ளி ஓடுற திரையைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு முடிச்சார். "வர்றப்ப வரட்டும், இறங்கி வந்து சாப்பிடு"ன்னார். திட்டியிருந்தாகூட பரவாயில்லன்னு இருந்தது.

மறுநாள் காலைல சின்னமனூர்ல ஒரு சின்ன கடை. டிஷ் மாட்டுற அண்ணன் ஒருத்தர், ஐம்பது வயசு இருக்கும். அண்ணே, மேகமலை குறுக்க நிக்குது, அதான் சிக்னல் வரலன்னு நானே காரணமும் சொல்லிட்டேன். சிரிச்சார். "மலை என்ன தம்பி பண்ணுச்சு உங்கள? ராத்திரி எங்க நிப்பாட்டுனீங்க?" தோப்புலன்னேன். "அப்ப தென்னைதான். மலை மறைக்காது தம்பி, மட்டைதான் மறைக்கும்."

அவர் சொன்னதை அப்புறம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டிவி சேட்டிலைட் பூமத்திய ரேகைக்கு மேல 35,786 கி.மீ. உயரத்துல இருக்கு. பூமி சுத்துற அதே வேகத்துல அதுவும் சுத்துறதால, நமக்கு அது வானத்துல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15-லிருந்து. 2015 நவம்பர்ல ஏவினது, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு மேல நிக்குது. தேனி இருக்கிறது ஏறக்குறைய 77.5 டிகிரியில, பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரி வடக்கே. அப்படின்னா தேனியிலிருந்து பார்த்தா சேட்டிலைட் இருக்கிற திசை காம்பஸ்ல சுமார் 121, அதாவது தென்கிழக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் கிழக்கே. உயரம் தரையிலிருந்து சுமார் 68 டிகிரி. கிட்டத்தட்ட தலைக்கு மேல. லண்டன்காரர் அவங்க ஊர் டிவிக்குப் பாக்குற சேட்டிலைட் 25 டிகிரி உயரத்துலதான் இருக்கு. அவர் டிஷ் நிமிர்ந்து நிக்கிறதுக்கும், நான் முதல் ராத்திரி முட்டாளானதுக்கும் அதுதான் காரணம்.

68 டிகிரின்னா நடைமுறையில என்ன அர்த்தம்? உங்க முன்னாடி இருக்கிற பொருளோட உயரம், அதுக்கும் உங்களுக்கும் இருக்கிற தூரத்தைவிட ரெண்டரை மடங்கு இருந்தாத்தான் அது மறைக்கும். மேகமலையோட எஸ்டேட் பகுதி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். பள்ளத்தாக்கு நானூறுக்குக் கிட்ட. ஆக நம்ம தலைக்கு மேல 1,100 மீட்டர் மலை. அது நம்ம டிஷ்ஷை மறைக்கணும்னா, 450 மீட்டர் தூரத்துல செங்குத்தா சுவர் மாதிரி எழும்பி நிக்கணும். அப்படி எங்கேயும் நிக்கல. அடிவாரமே பல கி.மீ. தள்ளித்தான் இருக்கு. ஆனா 15 மீட்டர் தென்னை? அது 6 மீட்டர் தூரத்துல இருந்தாலே போதும், கதை முடிஞ்சது.

ஃபோனுக்கும் பழைய ஆன்டெனாவுக்கும் இது தலைகீழ். அந்த அலை டவர்லிருந்து கிட்டத்தட்ட கிடையா வருது, குறுக்க மலை வந்தா நின்னுடும். கொடைக்கானல் டவரைப் பாத்து மூங்கில்ல ஆன்டெனா கட்டின காலத்துல, மலைக்கு எந்தப் பக்கம் உங்க வீடுங்கிறதுதான் உங்க டிவியோட தலையெழுத்து. ரெண்டு பக்கமும் மலை நிக்கிற கம்பம் பள்ளத்தாக்குல, மேலேருந்து வர்றது சுலபம், பக்கத்துலேருந்து வர்றதுதான் கஷ்டம்.

அன்னைக்கு சாயங்காலத்திலிருந்து நான் வண்டி நிறுத்துற இடத்தைத் தேர்ந்தெடுக்கிற முறையே மாறிடுச்சு. தென்னந்தோப்பு வேணாம். வாழை பரவாயில்ல, கொஞ்சம் தள்ளி நிறுத்தினா போதும். எல்லாத்தையும்விட திராட்சைத் தோட்டம்தான் சொர்க்கம், பந்தலே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. டிஷ்ஷுக்கு ஏத்த விவசாயம்னு இன்னொரு குறியீடும் குடுக்கலாம்.

இப்போ வைக்கிற முறை. கூரையில ஃபிக்ஸ் பண்ணாதீங்க. இது என் கருத்து இல்ல, கணக்கு. 60 செ.மீ. டிஷ் பாக்குற பார்வையோட அகலம் மொத்தமே 3 டிகிரிகிட்டத்தான். வண்டிக்குள்ள ஒருத்தர் எழுந்து பின்பக்கம் நடந்தாலே சஸ்பென்ஷன் ஆடி படம் உறையும். தரையில ஸ்டாண்டு போட்டு, பத்து மீட்டர் கேபிள் இழுத்துக்கோங்க. வண்டி நிழல்ல நிக்கட்டும், டிஷ் வெட்டவெளியில நிக்கட்டும்.

திசை பாக்க ஃபோன் காம்பஸ் போதும். இந்தப் பக்கம் காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஆனா வண்டிகிட்ட நின்னு பாக்காதீங்க, வண்டியோட இரும்பு முள்ளை இழுத்துடும். பத்தடி தள்ளி நின்னு 120 எங்கேன்னு பாருங்க, அந்தப் பக்கம் ஒரு கல்லை அடையாளம் வைங்க. தேனியிலிருந்து கம்பம் 40 கி.மீ. போனாலும் ஒரு டிகிரிதான் மாறும். உயரத்துக்கு ஒரு நாட்டு வழி: கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கினா, முஷ்டியோட அகலம் சுமார் 10 டிகிரி. உச்சந்தலைக்கு நேர் மேலேருந்து அந்தக் கல்லு பக்கமா ரெண்டு முஷ்டி இறங்குங்க. அந்த இடத்துல மட்டை, கிளை, கரண்ட் கம்பம் எதுவும் இல்லன்னா அங்கேயே டிஷ்ஷை வைங்க. எல்.என்.பி. கை கீழ்ப்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிறதால, டிஷ் பாக்குறதுக்கு 45 டிகிரிதான் சாஞ்ச மாதிரி தெரியும். பயப்படாதீங்க, அதோட பார்வை மேலதான் இருக்கு.

பாக்ஸ் மெனுவுல ஜிசாட்-15, எல்.என்.பி. அலைவரிசை 9750-10600 தேர்ந்தெடுங்க. திரையில ரெண்டு பட்டை வரும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை நம்பி ஏமாறாதீங்க, அது எதைப் பாத்தாலும் ஏறும். பக்கத்துலயே 91.5-லயும் 95-லயும் வேற சேட்டிலைட் இருக்கு. அதைப் பிடிச்சுட்டு நாம குதிப்போம், படம் வராது. குவாலிட்டி ஏறினாத்தான் சரியான சேட்டிலைட். அரை அரை டிகிரியா நகர்த்துங்க, நகர்த்தினதும் மூணு செகண்ட் பொறுங்க, பாக்ஸ் யோசிக்க நேரம் வேணும். கடைசியா எல்.என்.பி.யை அதோட பிடியிலேயே மெதுவா திருப்பிப் பாருங்க, இன்னும் கொஞ்சம் கூடும். கேபிளைக் கழற்றி மாட்டும்போது பாக்ஸை ஆஃப் பண்ணிடணும். எல்.என்.பி.க்கு 13 இல்ல 18 வோல்ட் அந்தக் கேபிள் வழியாத்தான் போகுது. வெளிச்சுத்துக் கம்பியில ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஒண்ணும் வராது. எனக்கு அதுல ஒரு மணி நேரம் போச்சு.

கரண்ட் செலவு பயப்படுற அளவுக்கு இல்ல. 24 இன்ச் டிவியும் பாக்ஸும் சேர்ந்து 40 வாட் சொச்சம், மூணு மணி நேரம் ஓடினா 120 வாட்-ஹவர். 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரியில பாதியை மட்டும் எடுத்தாகூட 600 இருக்கு. இன்ஜின் ஓடும்போது மட்டும் 14 வோல்ட்டைத் தாண்டும், அதனால நடுவுல ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் போட்டுக்கோங்க.

ஒரு சின்ன கிளைக்கதை. 1975 ஆகஸ்ட்ல நாசாவோட ஏடிஎஸ்-6 சேட்டிலைட்டை ஒரு வருஷத்துக்கு வாங்கி, ஆறு மாநிலங்கள்ல 2,400 கிராமங்களுக்கு நேரா டிவி காட்டினாங்க. தமிழ்நாடு அதுல இல்ல. அப்போ கிராமத்துல வச்ச டிஷ் 3 மீட்டர் அகலம், கோழிக்கூண்டு வலையால செஞ்சது. அந்த அலையோட நீளம் 35 செ.மீ., அதுக்கு வலையே போதும். இப்போ வர்ற அலை ரெண்டரை செ.மீ.தான். அதனால டிஷ் சின்னதாச்சு. ஆனா மழைத்துளிக்கும் ஈர மட்டைக்கும் பயப்பட ஆரம்பிச்சது.

நாங்க போனது ஆடி மாசம். தென்மேற்குப் பருவக்காத்து தமிழ்நாட்டுக்குள்ள நுழையற வாசல்கள்ல கம்பம் கணவாயும் ஒண்ணு. தேனி மாவட்டத்துல காத்தாடி சும்மா நட்டு வைக்கல. ரெண்டாவது ராத்திரி, சின்னமனூர் தாண்டி ஒரு வாழைத்தோட்டத்து ஓரம். எல்லாம் சரியா வச்சு, படம் வந்து, நியூஸ் வாசிக்கிறவர் வணக்கம் சொல்ற நேரத்துல ஸ்டாண்டு அப்படியே குப்புற விழுந்துச்சு. அப்பா டார்ச்சோட இறங்கி வந்தார். தண்ணி கேனைத் தூக்கி ஸ்டாண்டோட காலுக்கு நடுவுல கட்டினார். "லாரிக்குத் தார்ப்பாய் கட்டுனா எப்படிக் கட்டணுமோ அப்படிக் கட்டணும்டா." அவர் கட்டின முடிச்சை நாலு நாளும் நான் அவிழ்க்கல. சாமானோட சேர்த்தே மடிச்சு வச்சேன்.

மூணாவது ராத்திரி சுருளிப்பட்டி பக்கம், திராட்சைப் பந்தலுக்கு வெளியே. அன்னைக்கு கல் வச்சு, முஷ்டி அளந்து, டிஷ் திருப்பினது எல்லாம் அப்பாதான். நான் உள்ளே உட்கார்ந்து குவாலிட்டி பட்டையைப் பாத்துக் கத்தினேன். பன்னிரண்டு நிமிஷத்துல படம். நடுவுல சாரல் விழுந்தப்ப ரெண்டு தடவை கட்டம் கட்டமா உடைஞ்சது, தானா சரியாச்சு. தட்டை மடியில வச்சுக்கிட்டு, நியூஸ்ல யாரோ மந்திரி பேசினதுக்கு அப்பா ரொம்ப நாள் கழிச்சு பதில் சொல்ல ஆரம்பிச்சார். நல்ல சத்தமாவே. நான் குறுக்க ஏதோ சொன்னேன், அதுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

படுக்கும்போது கேட்டார்: "நாளைக்கு லோயர் கேம்ப்ல எங்கடா நிப்பாட்டுற? தென்னை இல்லாத இடமாப் பாரு."