காசநோய்க் கிருமியின் கேடயம்

இருமல் வழியாகக் காற்றில் பரவும் காசநோய்க் கிருமி நுரையீரலின் காற்றறைக்குள் நுழைந்ததும், மேக்ரோபேஜ் என்னும் எதிர்ப்புச் செல் அதை விழுங்கிவிடுகிறது. விழுங்கியதைச் சிறு பைக்குள் அடைத்து, சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான மூலக்கூறுகளைப் பாய்ச்சுகிறது. சாதாரணக் கிருமிகள் பலவும் இதிலேயே ஒழிந்துபோகும்.

எரியாத கிருமி

புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரை பொங்குமே, அது நம் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் நொதியின் வேலை. பெராக்சைடை அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். காசநோய்க் கிருமியிடமும் அப்படியொரு நொதி உண்டு, பெயர் கேட்-ஜி. போதாததற்கு மெழுகு போன்ற தடித்த சுவர் வேறு. இவற்றின் துணையோடு தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே அது வருடக்கணக்கில் குடியிருக்கிறது. சர்க்கரை நோய், எச்.ஐ.வி., சத்துக்குறைவு என உடல் தளரும்போது தலைதூக்குகிறது.

கேடயத்துக்குள் புகுந்த மருந்து

காசநோய்க்காக 1952-இல் புழக்கத்துக்கு வந்த ஐசோனியசிட் மாத்திரைக்குத் தனியாக வீரியம் கிடையாது. கிருமியின் கேட்-ஜி நொதிதான் அதை நஞ்சாக மாற்றுகிறது; அந்த நஞ்சு மெழுகுச் சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. இந்தத் தொடர்பு 1992-இல்தான் தெளிவானது. ஆனால் காரணம் தெரியுமுன்பே மருந்து பலன் தந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, ஐசோனியசிட் சேர்ந்த கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் உண்டு என்று உலகுக்குக் காட்டியது.

கிருமியும் சும்மா இருக்கவில்லை. கேட்-ஜியின் 315-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் போதும்: மருந்து நஞ்சாவது வெகுவாகக் குறையும், பெராக்சைடை உடைக்கும் திறன் மட்டும் பெருமளவு மிஞ்சும். பாதியில் மாத்திரையை விடுகிறவர்களின் உடலில் இப்படிப்பட்ட கிருமிகள் பெருக வழி கிடைக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது இதைத் தடுக்கத்தான்; வழக்கமாக 6 மாதம் சாப்பிட வேண்டும்.

எப்போது போக வேண்டும்?

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுத்துப் பாருங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'எதிர்ப்புச் சக்திப் பொடி' என்று விற்பதை நம்பி நாள் கடத்தாதீர்கள். மாத்திரை சாப்பிடும்போது கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வழக்கமாக முதலில் செய்யும் சிபிநாட் என்ற சளிச் சோதனை, ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு காசநோய் மருந்துக்குக் கிருமியிடம் உள்ள எதிர்ப்பைத்தான் காட்டும். ஐசோனியசிட் எதிர்ப்பை அறிய வேறு சோதனை வேண்டும்.