எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியும் பூச்சிய வழுவும்

எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திற் சில மாதங்களேனும் பயின்றவர் எவரும் பூச்சிய வழு என்னுஞ் சொற்றொடரை மறந்திருத்தல் இயலாது. திருகுகணிச்சியைக் கையில் எடுத்ததும், கம்பியை இடையில் வையாது வெறுமனே மூடிப் பார்த்து, அது பூச்சியத்தைக் காட்டுகின்றதா, இல்லையேல் எவ்வளவு தவறிக் காட்டுகின்றது என்பதை முதலிற் குறித்துக்கொள்ளுமாறு ஆசிரியர் பணிப்பர். அக்கட்டளையை நாம் அந்நாளில் ஒரு சடங்காகவே கொண்டோம். குறிக்க மறந்தோர் பலர். மறந்தபோதிலும், வாசித்த எண்ணை வாசித்தவாறே குறிப்பேட்டில் எழுதிவைத்த மாணவன் தப்பினான். மறுநாள் அதே கருவியைத் தேடியெடுத்து, வழுவை அறிந்து, விடையைத் திருத்திக்கொண்டான். தன் மனத்துக்கு இசைந்த எண்ணை எழுதிவைத்தவனுக்கோ அவ்வழி அடைபட்டிருந்தது.

ஆயின் கருவியின் வழுவே நாளுக்கு நாள் மாறுமாயின் என் செய்வது? அக்கருவி, மனிதர் எவரும் சென்று தொட இயலாத தொலைவிற் சுற்றிக்கொண்டிருக்குமாயின் என் செய்வது? இவ்வினாக்கள் வெறுங் கற்பனையல்ல. 1999ஆம் ஆண்டு யூலை 23ஆந் திகதி கொலம்பியா என்னும் விண்ணோடத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியை ஆளும் விஞ்ஞானிகள் அன்றுதொட்டு விடைகாண முயலும் வினாக்கள் இவையே.

தொலைகாட்டியின் பெயரைக் கேட்டதும் எம்மவருள் ஒரு பெருமிதம் எழுதல் இயல்பு. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930இற் கப்பலேறி இங்கிலாந்து சென்று, இறந்துபடும் விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லையுண்டெனக் கணித்து, 1983இல் நோபெற் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. அவர் 1995இற் காலமானார். கருவி விண்ணேறியதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. இப்பெருமிதத்தை இவ்வளவில் நிறுத்தி, கருவியின்பாற் செல்வோம்.

எக்ஸ் கதிர்கள் எமது வளிமண்டலத்தைக் கடந்து நிலத்தை அடைவதில்லை. ஆதலின் இத்தொலைகாட்டி, சந்திரனுக்குள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரம்வரை விலகிச் செல்லும் நீள்வட்டப் பாதையில் இயங்குகின்றது. ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 64 மணி நேரம் ஆகும். குளத்து நீரின்மேற் சாய்த்தெறிந்த ஓட்டுத்துண்டு தத்திச் செல்வதுபோல, எக்ஸ் கதிரும் மிகச் சாய்வாக வந்து பட்டாலன்றி ஆடியிலிருந்து தெறிப்பதில்லை. ஆகவே ஆடிகள் குழாய் வடிவின. நான்கு சோடிகள் ஒன்றனுள் ஒன்றாகச் செருகப்பட்டுள்ளன. அவை குவிக்குங் கதிரை 10 மீற்றருக்கு அப்பாலுள்ள சிலிக்கன் தகடுகள் ஏற்கின்றன. இத்தகைய தகடுகள் பத்து உள. ஒவ்வொன்றும் குறுக்கே 1,024, நெடுக்கே 1,024 எனச் சிறு கட்டங்களாக வகுக்கப்பட்டது.

எக்ஸ் கதிரின் ஒரு துணிக்கை சிலிக்கனுள் வீழ்ந்ததும் தன் சக்தியைச் செலவிட்டு இலத்திரன்களை விடுவிக்கின்றது. ஓர் இலத்திரனை விடுவிக்கச் சராசரி 3.65 இலத்திரன் வோற்று வேண்டும். எனவே 5,900 இலத்திரன் வோற்றுச் சக்தியுடைய துணிக்கை ஏறத்தாழ 1,600 இலத்திரன்களை விடுவிக்கும். 1,500 வோற்றளவினது 400 அளவில் விடுவிக்கும். அவ்விலத்திரன்களை வாரியெடுத்து, பெருக்கி, ஓர் எண்ணாக மாற்றிப் பூமிக்கு அனுப்புவதே கருவியின் தொழில். வந்து சேர்வது எண் மாத்திரமே, சக்தி அன்று. இன்ன எண்ணுக்கு இன்ன சக்தி என மாற்றித் தரும் விகிதத்தையே பெருக்கம் என்பர். அவ்விகிதங்களை அட்டவணையாகத் தாங்கிய கணினிக் கோப்பே பெருக்க அளவுதிருத்தக் கோப்பு ஆகும். நுட்பமாகக் கூறின், இது பிழைத்தல் பூச்சிய வழு அன்று. அளவுகோலே நீள்வதும் குறுகுவதும் போன்றது. உவமை முழுதும் பொருந்தாதெனினும், ஆய்வுகூட மேசையை நினைவூட்டுவதால் அதனைக் கைவிட எமக்கு மனமில்லை.

இவ்விகிதம் சிறிது பிழைத்தால் வருங் கேடு யாது? விண்மீன் தொகுதிக் கூட்டங்களில் நிறைந்துள்ள கொதிக்கும் வாயுவில், இரும்பு 6,700 இலத்திரன் வோற்றளவில் ஒரு கோட்டை இடுகின்றது. வாயு எம்மைவிட்டு விலகி ஓடினால் அக்கோடு தாழ்ந்து தோன்றும். எம்மை நோக்கி வந்தால் உயர்ந்து தோன்றும். அளவுகோல் நூற்றுக்கு ஒன்று தவறினால், 67 வோற்றுப் பிழையும், அதன் வழியே செக்கனுக்கு 3,000 கிலோமீற்றர் வேகப் பிழையும் நேரும். நின்ற வாயு ஓடுவதாகவும், ஓடும் வாயு நின்றதாகவும் எழுதப்பட்டுவிடும். அதனை எழுதியவர் தம் கணக்கில் ஒரு பிழையும் காணமாட்டார்.

இனி, அளவுகோல் மாறுவது எதனால் என்பதை நோக்குவோம். பூமியைச் சூழ்ந்து ஏற்றம் பெற்ற துணிக்கைகள் செறிந்த கதிர்வீச்சு வளையங்கள் உள. தொலைகாட்டி ஒவ்வொரு சுற்றிலும் பூமியை அணுகும்போது அவற்றினூடே செல்லல் வேண்டும். 1999இல் முதற்சில சுற்றுகளின்போது சிலிக்கன் தகடுகள் ஆடிகளின் குவியத்திலேயே விடப்பட்டிருந்தன. மெலிந்த சக்தியுடைய புரோத்தன்கள், எக்ஸ் கதிரைப்போலவே ஆடிகளிற் சாய்ந்து சிதறித் தகடுகளில் வந்து வீழ்ந்தன. இஃது எவரும் எதிர்பாராதது. அவ்வாண்டு செப்டெம்பரில் உண்மை உணரப்பட்டபோது பத்துத் தகடுகளுள் எட்டுப் பழுதடைந்திருந்தன. புறங்காட்டி வைக்கப்பட்ட ஏனைய இரண்டும், கதிர் படும் பக்கத்தில் நுண்ணிய அமைப்புகள் இல்லாமையால், அத்தீங்கிலிருந்து தப்பின.

பழுதின் தன்மையை எம் தோட்டங்களைக் கொண்டு விளக்கலாம். துலா மிதித்து இறைத்த நாட்களைக் கண்டோர், கிணற்றடியில் வாய்க்காலுக்குட் கவிழ்த்த நீர் முழுவதும் கடைசிப் பாத்தியை அடையாதென அறிவர். வழியெல்லாம் மண் குடிக்கும். சிலிக்கன் தகட்டிலும் இலத்திரன்கள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு என வரிசை வரிசையாய் நகர்த்தப்பட்டே விளிம்பிலுள்ள வாசிப்பிடத்தை அடைகின்றன. புரோத்தன் தாக்கிய இடங்களிற் சிறு பொறிகள் உண்டாகி, செல்லும் இலத்திரன்களுட் சிலவற்றைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஒரு படியிற் பதினாயிரத்தில் ஒரு பங்கே இழக்கப்பட்டாலும், ஆயிரம் படிகள் கடந்து வருவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். எனவே ஒரே சக்தியுடைய இரு துணிக்கைகள், ஒன்று விளிம்பருகேயும் மற்றையது தொலைவிலும் வீழ்ந்தால், வெவ்வேறு எண்களைத் தரும். ஒரு தகட்டுக்கு ஒரு விகிதம் போதாது. சிறு சிறு பகுதிகளாக வகுத்து, பகுதிதோறும் தனித்தனி விகிதம் வேண்டியதாயிற்று.

உவமை இன்னுஞ் சற்றுத் தூரம் உடன்வரும். முன்னரே நனைந்த வாய்க்கால் குறைவாகவே குடிக்குமன்றோ? அண்டவெளியிலிருந்து வரும் வேறு துணிக்கைகள் தகட்டைக் கடக்கும்போது தாம் விடுவித்த இலத்திரன்களாற் பொறிகளை நிரப்பிவிடுகின்றன. பின்வரும் எக்ஸ் கதிரின் இலத்திரன்கள் இழப்பின்றிச் செல்கின்றன. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் அத்துணிக்கைகளின் வரவு குறையும், பொறிகள் வெறுமையாய்க் கிடக்கும், இழப்பு மிகும். ஆகவே பல கோடி மைல்களுக்கு அப்பாலுள்ள ஓர் இரும்புக் கோட்டின் இடத்தைச் சரியாகக் கூறுவதற்குச் சூரியனின் பதினோராண்டுச் சுழற்சியையும் கருத்திற்கொள்ள நேர்கின்றது.

பழுது அறியப்பட்டதும், வளையங்களைக் கடக்கும்போதெல்லாம் தகடுகள் குவியத்தைவிட்டு அப்பால் நகர்த்தப்பட்டன. 2000ஆம் ஆண்டு சனவரியில் அவற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 120 பாகை செல்சியசுக்குத் தாழ்த்தப்பட்டது. அக்குளிரிற் பொறிகளின் கொடுமை தணியும். நாளடைவில் தொலைகாட்டியின் வெப்பத்தடை உறைகள் வெயிலில் நைந்து, அக்குளிரைக் காத்தல் அரிதாகியது. வெப்பநிலை ஏறியிறங்க, விகிதமும் உடன் மாறுகின்றது.

கருவியிடம் சென்று பார்க்க இயலாது; ஆயின் அதனிடமே ஒரு படிக்கல்லைக் கொடுத்தனுப்பலாம். அவ்வாறே செய்தனர். இரும்பு-55 என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகம் தொலைகாட்டியிற் பொருத்தப்பட்டுள்ளது. அவ்விரும்பு மங்கனீசாக மாறும்போது 5,900 இலத்திரன் வோற்றளவில் எக்ஸ் கதிரை வெளிவிடும். அக்கதிர் அருகேயுள்ள அலுமினியத்தையும் தைத்தேனியத்தையும் தாக்க, அவையும் முறையே 1,487, 4,510 வோற்றளவிற் கதிர்வீசும். இயற்கை வகுத்த இவ்வெண்கள் என்றும் மாறா. மூன்று கோடுகளும் எந்த எண்களில் வந்து நிற்கின்றன என நோக்கி, தகட்டின் ஒவ்வொரு பகுதியினதும் தற்போதைய விகிதத்தை அறியலாம். கதிர்வீச்சு வளையங்களுக்கு அஞ்சித் தகடுகள் ஒதுங்கும் இடம் இம்மூலத்தின் நேர் எதிரேயே அமைந்துள்ளது. விண்ணை நோக்க இயலாத அவ்வேளையே படிக்கல்லை நோக்கும் வேளையாகப் பயன்பட்டது. ஒரு கணமும் வீணாகவில்லை.

இவ்வாறு சேர்ந்த எண்களை அமெரிக்காவின் மசச்சூசெற்சிலுள்ள சந்திரா நிலையத்தார் ஆண்டுக்கு நான்கு பருவமாகத் தொகுத்து, பருவத்துக்கொரு கோப்பாக வெளியிட்டு வந்தனர். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பெப்ருவரி முதல் ஏப்பிரில் வரையுள்ள பருவத்தின் நடுவில் ஒருவர் ஒரு விண்மீனை நோக்கினாராயின், அப்பருவத்துக்குரிய விகிதம் அப்போது எவருக்குந் தெரியாது. படிக்கல்லின் கணக்கு முடிந்திராது. ஆதலின் முன்னைய பருவத்து விகிதத்தையே தற்காலிகமாகக் கொள்வர். பருவம் முடிந்து புதிய கோப்பு வந்தபின், முன்னைய பருவத்துக்கும் பின்னைய பருவத்துக்கும் இடையே அந்நாளுக்குரிய பெறுமானத்தை விகிதப்படி கணித்து, பழைய நோக்கலை மீண்டும் திருத்துவர்.

திருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முன்னைய அளவை பொய்யாயிற்றென இகழ்வோர் உளர். அது நேர்மாறான கருத்து. திருத்த இயல்வதே அவ்வளவையின் நாணயத்துக்குச் சான்று. சந்திராவின் தரவிலே, மாற்றிப் பெற்ற சக்தியின் பக்கத்தில் முதலில் வந்த எண்ணும் அழியாது வைக்கப்பட்டுள்ளது. எந்தக் கோப்பைக் கொண்டு மாற்றப்பட்டது என்பதும் தரவின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளது. 2000ஆம் ஆண்டில் எடுத்த ஒரு நோக்கலை இன்று ஒரு மாணவர் எடுத்து, நவீன கோப்பைக் கொண்டு புதிதாக மாற்றிக்கொள்ளலாம். திருகுகணிச்சியில் வாசித்ததை வாசித்தவாறே எழுதிவைத்த அம்மாணவனை நாம் இங்கே நினைத்துக்கொள்கின்றோம். பழைய கோப்பினால் மாற்றிய ஒரு நோக்கலையும் புதிய கோப்பினால் மாற்றிய மற்றொன்றையும் ஒப்பிட்டு, விண்மீன் மாறிற்று என்று முடிவுகட்டுவோன் மாறியது கோப்பே என்பதை அறியான்.

இவையெல்லாம் கணக்கர் வேலை எனக் கருதுவோர்க்கு ஒன்று கூறுவோம். 2014இல் எஸ்ரா புல்புல் என்பாரும் அவர்தம் தோழரும், எக்ஸ்.எம்.எம். நியூற்றன் என்னும் ஐரோப்பியத் தொலைகாட்டி நோக்கிய 73 விண்மீன் தொகுதிக் கூட்டங்களின் நிறமாலைகளை ஒருங்கே சேர்த்து, 3,550 வோற்றளவில் மிக மெல்லிய கோடொன்று தெரிவதாக அறிவித்தனர். பேர்சியசுக் கூட்டத்தைச் சந்திரா நோக்கியதிலும் அதன் சாயல் கண்டதாகக் கூறினர். அறிந்த மூலகம் எதுவும் அவ்விடத்தில் அத்துணைப் பலமான கோடு இடுவதாகத் தெரியவில்லை. பிரபஞ்சத்திற் பெரும்பங்காய் உள்ளதும் கண்ணுக்குப் புலப்படாததுமான கரும்பொருள் சிதைவதன் அடையாளமோ அது என உலகமெங்கும் பேச்செழுந்தது. கருவியின் குறையாக இருக்கலாகாதோ என்னும் ஐயம் அவர்களுக்கே முதலில் எழுந்திருக்கும். ஒவ்வொரு கூட்டமும் வெவ்வேறு வேகத்தில் விலகுவது. அவ்வேகத்துக்கேற்ப ஒவ்வொரு நிறமாலையையும் நகர்த்தியபின் சேர்த்தால், விண்ணிலிருந்து வந்த கோடு ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். கருவியிற் பிறந்த தவறு இடம் மாறிச் சிதறிப்போகும். அவர்கள் கையாண்ட உபாயம் இதுவே. ஆயின் அளவுகோல் சரியாக இருந்தாலன்றி இவ்வுபாயமும் பயனற்றது. 2016இல் யப்பானியரின் கிற்றோமி என்னும் தொலைகாட்டி, தன் குறுகிய வாழ்நாளில், பேர்சியசைப் பன்மடங்கு நுட்பமாக நோக்கியது. எதிர்பார்த்த பலத்தில் அக்கோடு அங்கே காணப்படவில்லை. அறிஞர் பலர் இன்று அதனை ஐயத்துடனேயே நோக்குகின்றனர்.

படிக்கல்லின் கதையோ வேறு விதமாய்த் திரும்பியது. இரும்பு-55இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 2.7 ஆண்டு. ஐந்தாண்டு உழைப்பதற்கென அமைக்கப்பட்ட தொலைகாட்டிக்கு அது போதியதே. தொலைகாட்டியோ 2024இல் இருபத்தைந்தாண்டைக் கடந்தது. அதற்குள் மூலகத்தின் பலம் ஒன்பது முறைக்கு மேற் பாதியாகக் குறைந்து, தொடக்கத்தில் இருந்ததில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே சென்றுவிட்டது. முன்பு ஒரு நாளிற் சேர்ந்த எண்ணிக்கைக்கு இப்போது ஓராண்டுக்கு மேல் வேண்டும். அதற்குள் விகிதமே மாறிவிடும்.

ஆகவே விண்ணிலேயே ஒரு படிக்கல் தேட நேர்ந்தது. ஏறத்தாழ 11,000 ஒளியாண்டுத் தொலைவில், வெடித்துச் சிதறிய விண்மீனொன்றின் எச்சமாகிய காசியோப்பியா ஏ உள்ளது. 1999 ஓகத்து 26ஆந் திகதி சந்திரா முதன்முதலாக வெளியிட்ட படமும் அதனதே. சிலிக்கன், கந்தகம், ஆகன், கல்சியம், இரும்பு ஆகியவற்றின் பிரகாசமான கோடுகளை அது தருகின்றது. எனினும் ஆய்வுகூடத்து மூலகம்போல் அது அசையாது நிற்பதன்று. அதன் துண்டங்கள் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் நாலாபக்கமும் விரைகின்றன. சில எம்மை நோக்கியும் சில எம்மைவிட்டு விலகியும் செல்வதால், இடத்துக்கிடம் கோடுகளும் நகர்ந்தே தோன்றும். எனவே அதனை முழுதாக எடுத்து நிறுத்தல் ஆகாது. ஒரு துண்டத்தை அதே துண்டத்தின் முன்னைய நிலையோடு வைத்தே நோக்கவேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் அது விண்ணில் எவ்வளவு தூரம் நகர்ந்துள்ளது என்பதும் கணக்கிற் சேரவேண்டும்.