கோழிக்கோட்டில் பிறந்த மேஜர்

தேர்தல் பணி உத்தரவு வந்தால் களமசேரி ஆபீஸ்களில் முகம் வாடாத குமாஸ்தா இல்லை. சாவடியில் இரண்டு நாள் தூக்கம் கெடுமே என்பது நம் பக்கத்துக் கவலை. காஷ்மீரில் கவலை வேறு.

2014 ஏப்ரல் 24. கேரளத்தில் வாக்குப்பதிவு 10-ம் தேதியே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு அன்றுதான். காஷ்மீரில் அனந்தநாக் தொகுதிக்கும் அதே நாள். மாலையில் சோபியான் பகுதியில், பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த தேர்தல் ஊழியர்களைத் தீவிரவாதிகள் சுட்டார்கள். அலுவலர் ஒருவர் இறந்தார்.

மறுநாள் அந்தக் கும்பலைத் தேடிப் படையுடன் போனவர் மேஜர் முகுந்த் வரதராஜன். வயது 31.

தமிழர்தான், ஆனால் 1983-ல் பிறந்தது கோழிக்கோட்டில். இங்கிருந்து ரயிலில் நாலைந்து மணி நேரம். தந்தைக்கு வங்கி வேலை. பாட்டனார் பட்டாளத்தில் இருந்தவர். முகுந்த் பி.காம். படித்தார், பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் பத்திரிகைத் துறைப் பட்டயம். நிருபராகியிருக்கலாம். பாட்டனார் போன வழிதான் இழுத்தது. சென்னையில் பயிற்சி முடித்து 2006-ல் ராஜபுத்திரப் படைப்பிரிவில் அதிகாரியானார். கல்லூரியில் பழகிய மலையாளப் பெண் இந்து ரெபேக்கா வர்கீஸை 2009-ல் மணந்தார். லெபனானில் ஐ.நா. படையில் இருந்துவிட்டு, 44-வது ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் சேர்ந்து காஷ்மீர் வந்தார்.

காசிபத்ரி கிராமத்தில் ஒரு வீட்டில் கும்பல் பதுங்கியிருப்பதாகத் தகவல். படை வளைத்ததும் உள்ளேயிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். மேஜர் என்றால் பின்னால் நின்று உத்தரவு போடுபவர் என்று நினைத்தால் தவறு. முகுந்த் ஊர்ந்து போய்க் கையெறி குண்டு வீசினார். தப்பிய ஒருவன் பக்கத்துக் கொட்டகையில் புகுந்தான். அங்கேயும் துரத்திப் போய், கைக்கெட்டும் தூரத்தில் சண்டை. ஹிஸ்புல் முஜாகிதீனைச் சேர்ந்த அல்தாப் வானி உள்பட மூவர் மாண்டனர். உடன் போன சிப்பாய் விக்ரம் சிங்கும் உயிரிழந்தார். குண்டுகள் பாய்ந்த நிலையில் வெளியே நடந்துவந்த முகுந்த் அங்கேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் பிரிந்தது.

சென்னை பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையுடன் தகனம் நடந்தது.

கிடைத்தது அசோகச் சக்கரம். போர் அறிவிக்கப்படாததால், கணக்கில் இது அமைதிக்கால விருது! 2015 குடியரசு தினத்தன்று டில்லியில், அமெரிக்க அதிபர் ஒபாமா விருந்தினராக வீற்றிருக்க, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து இந்து அதைப் பெற்றுக்கொண்டார். அப்போது மகளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை.