முதியோர் இல்லத்தில் சேரும் முன்: பெரியவர்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பெத்த அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டாங்களாமே!" என்று தெருவில் யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே, தனியாக இருக்க முடியாத நிலையிலும் பூட்டிய வீட்டுக்குள் காலம் தள்ளும் பெரியவர்கள் பலர். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளைகளும் அதைப் பேச்செடுப்பதில்லை. கடைசியில் குளியலறையில் ஒரு நாள் வழுக்கி விழுந்து, மருத்துவமனையில் இருந்து வெளியே வரும் அவசரத்தில், கிடைத்த இடத்தில் சேர்த்துவிடுகிறோம். அதில் கேட்காமலே விடுபடுவது ஒரே ஒரு கேள்விதான்: "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?"

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று அந்த அளவு இன்னும் கூடியிருக்கும். ஆகவே இது யாரோ நாலு குடும்பத்தின் பிரச்சினை அல்ல. இந்தக் கட்டுரை முதலில் பெரியவர்களாகிய உங்களுக்கு, பிறகுதான் உங்கள் பிள்ளைகளுக்கு. உடம்பும் மனசும் தெம்பாக இருக்கும்போதே படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

எத்தனை வகை இருக்கிறது?

எல்லாவற்றையும் "ஹோம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நான்கைந்து வகை உண்டு. உங்களுக்கு எது தேவை என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் விசாரிக்க முடியும்.

இலவச முதியோர் இல்லங்கள்: ஆதரவற்ற, வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கானவை. அரசு நிதியுதவியுடன் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை இதில் பெரும்பகுதி. முதியோரும் ஆதரவற்ற குழந்தைகளும் ஒரே இடத்தில் வசிக்கும் ஒருங்கிணைந்த வளாகங்களும் தமிழ்நாட்டில் உள்ளன. இவற்றில் சேர உங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகலாம்.

கட்டண இல்லங்கள்: மாதக் கட்டணத்தில் தங்கும் இடம், மூன்று வேளை சாப்பாடு, துணி துவைத்தல், அடிப்படை மருத்துவக் கவனிப்பு எல்லாம் சேர்ந்தவை. தனி அறை, இருவர் அறை, பொது அறை என்று கட்டணம் மாறும்.

முதியோர் குடியிருப்புகள்: தனி வீடு அல்லது அடுக்ககத்தை வாங்கியோ, குத்தகைக்கு எடுத்தோ குடியிருப்பது. பொதுச் சமையலறை, செவிலியர், ஆம்புலன்ஸ் போன்ற வசதிகளுக்கு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கோவைப் பகுதியில் இவை நிறைய வந்துவிட்டன. இது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு ஏற்றது.

பராமரிப்பு இல்லங்கள்: குளிக்க, உடுத்த, நடக்கத் துணை தேவைப்படுபவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மறதி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு. இங்கே ஆள் உதவி அதிகம், அதனால் கட்டணமும் அதிகம்.

பகல்நேர மையங்கள்: காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 'அன்புச்சோலை' மையங்கள் இந்த வகை. பகலில் வீட்டில் யாரும் இல்லை என்பது மட்டும்தான் சிக்கல் என்றால், வீட்டை விட்டுப் போகவே தேவையில்லாமல் இருக்கலாம். அதே போல, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போவதுதான் கஷ்டம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மருந்து வீடு தேடி வரும். இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, அப்புறம் இல்லத்தைப் பற்றி யோசியுங்கள்.

நேரில் போய்ப் பாருங்கள்

விளம்பரத் தாளில் பூந்தோட்டம்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் யார் வருவார்கள் என்பது அதில் தெரியாது. அதனால் சேரப்போகும் பெரியவரே நேரில் போக வேண்டும். முடிந்தால் இரண்டு முறை, ஒன்று சொல்லாமல் கொள்ளாமல்.

முதலில் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். இல்லம் முறைப்படி பதிவு பெற்றதா என்பதை மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டால் முகம் சுளிக்கும் இடம் என்றால் அதுவே ஒரு பதில்தான்.

அடுத்து குளியலறைக்குப் போங்கள். சுவரில் கைப்பிடி இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? கதவை வெளியில் இருந்தும் திறக்க முடியுமா? கட்டிலில் இருந்து கழிப்பறை வரை இரவில் விளக்கு எரியுமா? படி இல்லாமல் சக்கர நாற்காலி போக வழி உண்டா? இந்த வயதில் ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு நடமாட்டமே மாறிப்போகும். வரவேற்பறை சோபாவைவிடக் குளியலறைக் கைப்பிடி முக்கியம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், காசு கொடுத்தாவது அங்கேயே ஒரு வேளை சாப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சமைக்கிறார்களா, பல் இல்லாதவர்களுக்குக் குழைய வடித்துத் தருகிறார்களா என்று பாருங்கள். நிர்வாகி பக்கத்தில் இல்லாத நேரத்தில் அங்கு இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "இங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். மீதியை அவர்கள் முகமே சொல்லும்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

* இரவில் எத்தனை பணியாளர்கள் இருப்பார்கள்?
* நெஞ்சுவலி வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டுபோவீர்கள்?
* மருத்துவமனையில் கூட இருக்க ஆள் யார்? அதற்குத் தனிக் கட்டணமா?
* பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து யார் போடுவது?
* வெளியே போய்வரவும், உறவினர் வந்து பார்க்கவும் என்ன விதிமுறை?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு. கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்: "படுத்த படுக்கையா ஆயிட்டா, இங்கேயே வெச்சுப் பாத்துப்பீங்களா?" நடமாட்டம் உள்ளவர்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் இல்லங்கள் பல. அது தவறு அல்ல, முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் சேர்ந்துவிட்டு, மிகவும் முடியாமல் போன நேரத்தில் "வேறு இடம் பாருங்க" என்று கேட்பதைவிடக் கொடுமை வேறில்லை.

பணமும் ஒப்பந்தமும்

வாய்ப்பேச்சு போதாது, எல்லாம் எழுத்தில் வேண்டும். நுழைவுக் கட்டணம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, அதில் எது திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சேர்ந்து ஒரு மாதத்தில் பிடிக்காமல் திரும்பினால் என்ன, இறந்துவிட்டால் மீதிப் பணம் யாருக்கு என்பதும் இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் கட்டணம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். இன்று மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீதம் உயரும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில் அது ஏறக்குறைய 22,000 ரூபாய் ஆகிவிடும். உங்கள் ஓய்வூதியமும் வட்டியும் அதைத் தாங்குமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். டயப்பர், மருந்து, தனி உதவியாளர் போன்றவை பெரும்பாலும் மாதக் கட்டணத்துக்கு வெளியேதான் வரும். வருமான வரிச் சட்டத்தில் அறக்கட்டளையாகப் பதிவு பெற்ற இல்லங்களில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்கும் இடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ரசீதைப் பார்த்து வாங்குங்கள்.

வீடாக வாங்குவது என்றால் கூடுதல் கவனம் தேவை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுமான நிறுவனம், சேவை அளிக்கும் நிறுவனம், வாங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று அது சொல்கிறது. காரணம் எளிது: கட்டிக் கொடுத்தவர் போய்விடுவார், பிறகு சமையலறையையும் செவிலியரையும் நடத்துவது வேறொருவர். அவர் யார், நடுவில் விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். கட்டப்பட்டு வரும் திட்டம் என்றால் ரெரா பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

ஏடிஎம் அட்டை, அதன் ரகசிய எண், ஓய்வூதியப் புத்தகம் ஆகியவற்றை இல்லத்திடம் ஒப்படைக்க வேண்டாம். கட்டணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள்.

சொத்து: கையெழுத்துக்கு முன் ஒரு நிமிடம்

"நீங்கதான் ஹோமுக்குப் போறீங்களே, வீட்டை எழுதிக் கொடுத்துடுங்க" என்ற பேச்சு சில குடும்பங்களில் வரும். அவசரப்படாதீர்கள். உயில் எழுதினால், உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறையும் மாற்றலாம், சொத்து உங்கள் கையிலேயே இருக்கும். தான செட்டில்மெண்ட் அப்படி அல்ல. எழுதிப் பதிவு செய்ததும் உரிமை கைமாறிவிடும்.

அப்படியே எழுதிக் கொடுப்பதானாலும், "என் அடிப்படைத் தேவைகளையும் மருத்துவச் செலவையும் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவுப்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்க முடியும். அந்த ஒரு வரிதான் பிற்காலத்தில் உங்களுக்குக் காப்பு.

முதல் மூன்று மாதம்

ஒரே நாளில் வீட்டைக் காலி செய்யாதீர்கள். பல இல்லங்களில் சில வாரம் விருந்தினராகத் தங்கிப் பார்க்கலாம். தூக்கம் வராமல் இருப்பது, சாப்பாடு பிடிக்காமல் போவது, காரணமில்லாமல் கண் கலங்குவது எல்லாம் ஆரம்பத்தில் இயல்பு. உங்கள் தலையணை, சாமி படம், பழைய ரேடியோ, வழக்கமாகக் காபி குடிக்கும் டம்ளர் என்று சின்னச் சின்னப் பொருள்களைக் கொண்டுபோங்கள். தோட்ட வேலை, பாட்டு, பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்வது என்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டால் நாள் நகரும்.

முகவரி மாறுவதால் ஆதார், வங்கிக் கணக்கு, காப்பீட்டு அட்டை, ஓய்வூதியம் ஆகியவற்றில் மாற்றம் செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. இல்லத்துக்குப் போனாலும் ஓட்டு உங்களுடையது!

பிள்ளைகளுக்கு

மாதக் கட்டணம் கட்டுவதோடு கடமை முடிவதில்லை. "வாரத்துல ஒரு நாள் பேசுறேன்" என்று சொன்னால் அந்த நாளில் பேசுங்கள். அந்த அழைப்புக்காகக் காலையில் இருந்து காத்திருப்பார்கள். பொங்கலுக்கும் பேரப்பிள்ளை காதுகுத்துக்கும் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். நேரில் போகும்போது உடம்பில் காயம், திடீர் மெலிவு, பேச்சில் பயம் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெற்றோரை அடிக்கடி வந்து பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே கவனிப்பு கூடும்.

சிக்கல் வந்தால்

மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா உதவி எண் 14567. தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். இல்லங்களைப் பற்றிய தகவல், சட்ட ஆலோசனை, மனம்விட்டுப் பேச ஆள், கைவிடப்பட்டவர்களை மீட்பது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரு எண்தான். இல்லத்தின் நடத்தை பற்றிய புகாரை மாவட்ட சமூக நல அலுவலரிடம் கொடுக்கலாம்.

பிள்ளைகள் பராமரிக்க மறுத்தால், வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. உங்களால் போக முடியாவிட்டால் நீங்கள் அதிகாரம் அளிக்கும் ஒருவரோ, ஒரு தொண்டு அமைப்போ உங்கள் சார்பில் மனு செய்யலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு சேர்ந்த 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் மேலும் 30 நாள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். அந்த உத்தரவில் உங்களுக்குக் குறை இருந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறப்போகும் உறவினர் மீது மனு செய்யலாம். பெரியவர்களைக் கவனிக்க வேண்டிய பொறுப்பில் உள்ளவர்களே அவர்களை எங்காவது கைவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இல்லத்தில் வாழ்வது தோல்வியும் அல்ல, பிள்ளைகள் தலையில் விழும் பழியும் அல்ல. பெரியவர் தானே பார்த்து, கேட்டு, யோசித்துத் தேர்ந்தெடுத்த இடம் என்றால் அது இன்னொரு வீடு. அவரைக் கேட்காமல் கொண்டுபோய் விட்டால், எத்தனை வசதி இருந்தாலும் அது வெறும் கட்டடம். அதனால் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டிவியை அணைத்துவிட்டு, அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டுவிடுங்கள்.