வீட்டிலிருந்தே பாடற்பயிற்சி: இணைய இணைப்பைச் சீராக்குவது எப்படி?

பனி கொட்டும் வியாழன் இரவில் மிசிசாகாவிலிருந்து ஸ்காபரோவுக்குப் பயிற்சிக்கு வாருங்கள் என்று எவரையும் வற்புறுத்த முடியாது. ஒட்டாவாவில் படிக்கிறவர்கள், வைத்தியசாலையில் நேரம் மாறி மாறி வேலை செய்கிறவர்கள், கைக்குழந்தையோடு இருக்கிறவர்கள் என எல்லோரும் எங்கள் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வர முடியாமல் போனவர் கொஞ்ச நாளில் பாடுவதற்கும் வராமல் விடுகிறார். கரோல் ஆராதனைக்கு முன் ஒருவரையும் அப்படி இழக்க எங்களுக்கு விருப்பமில்லை. எனவே இந்தக் குளிர்காலத்தில் வியாழன் பயிற்சியை இணையத்தில் வைக்கிறோம். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் சில சிறிய ஆயத்தங்கள் தேவை.

ஸூம் ஏன் போதாது?

ஸூம் உரையாடலுக்காகச் செய்யப்பட்டது. ஒருவர் பேசும்போது மற்றவர்களின் சத்தத்தை அது அமுக்கிவிடும். குரல் போய்ச் சேரவும் வழமையாக 100 மில்லி செக்கனுக்கு மேல் எடுக்கும். பேச்சில் அது தெரியாது. பாட்டில் உடனே தெரியும்.

காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்கிறது. ஆலயத்தில் ஓர்கனுக்கும் பாடுகிறவருக்கும் இடையில் 10 மீற்றர் இருந்தால், சத்தம் வந்துசேர 30 மில்லி செக்கன் ஆகும். சிரமமில்லாமல் சேர்ந்து பாட ஏறக்குறைய அதுவே எல்லை. அதைத் தாண்டினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்போம். அடிக்கு அடி பாட்டு இழுபடும்.

நாங்கள் பயன்படுத்தப்போவது ஜாமுலஸ் என்னும் இலவச மென்பொருள். எல்லோருடைய குரலும் ஒரு சேர்வருக்குப் போய், அங்கே கலந்து, திரும்ப எல்லோருக்கும் வரும். அந்தச் சேர்வர் ரொறன்ரோவிலேயே இருந்தால் தூரத்தால் வரும் தாமதம் மிகக் குறைவு. மிச்சத் தாமதத்தில் பெரும்பகுதி எங்கள் வீடுகளுக்குள்தான் உண்டாகிறது. ஆகவே அதைச் சரிசெய்வதும் எங்கள் கையில்தான்.

கூடிய வேகம் வாங்க வேண்டாம்

பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், மாதம் இன்னும் 30 டொலர் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறலாமா என்றுதான் முதலில் யோசிப்போம். பெற்றோரே, தயவுசெய்து பொறுங்கள். சாதாரண அமைப்பில் ஜாமுலஸுக்கு ஒவ்வொரு திசையிலும் 1 மெகாபிட் கூடத் தேவைப்படாது. தேவைப்படுவது சீரான வரவு.

குரல் சின்னச் சின்னப் பொதிகளாகப் பிரிந்து போகிறது. ஒரு பொதி 3 மில்லி செக்கனிலும் அடுத்தது 40 மில்லி செக்கனிலும் வந்தால், பிந்தி வந்ததை மென்பொருள் விட்டுவிடும். காதில் கரகரப்புக் கேட்கும். கரகரப்பை நிறுத்த அதிக நேரம் காத்திருக்கச் சொன்னால் தாமதம் கூடும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு முதற்காரணம் பெரும்பாலும் வைஃபை. பக்கத்து வீட்டு வைஃபையும் உங்கள் வீட்டுத் தொலைபேசிகளும் ஒரே அலைவரிசையில் முறை வைத்துத்தான் பேசுகின்றன.

இதை நீங்களே சோதிக்கலாம். கணினியில் பிங் கட்டளை மூலம் உங்கள் ரவுட்டரின் முகவரியைக் கேளுங்கள். அது பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். வயரில் இணைத்திருந்தால் ஒவ்வொரு விடையும் 1 மில்லி செக்கன் அளவில் வரும். வைஃபையில் எண்கள் 3, 5, 60, 4 என்று துள்ளினால் குறை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

1. ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு ஈதர்நெட் வயர் போடுங்கள். 15 மீற்றர் தட்டை வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோகலாம். மடிக்கணினியில் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி. அடாப்டர் போதும். நிலக்கீழ்த் தளத்துக்கு வயர் எட்டாவிட்டால், பழைய கேபிள் தொலைக்காட்சி வயர் வழியாக இணையம் கொண்டுபோகும் மோகா அடாப்டரைப் பார்க்கலாம். வயர் போட்ட பின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

2. புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அது மட்டுமே 100 மில்லி செக்கனுக்கு மேல் சேர்த்துவிடும். வயர் உள்ள சாதாரண ஹெட்போன் நல்லது.

3. விண்டோஸ் கணினி என்றால் ஏசியோ டிரைவர் தேவை. அதில் பஃபரை 128 என்று வையுங்கள். 48,000 மாதிரி வீதத்தில் அது 3 மில்லி செக்கனுக்கும் குறைவு. சத்தம் வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள்.

4. வி.பி.என். இருந்தால் நிறுத்துங்கள். பாடுகிறவர் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. அது சேர்வர் நடத்துகிறவரின் வேலை.

5. பயிற்சி நேரத்தில் படங்களைப் பதிவேற்றுவதை நிறுத்தி வையுங்கள். ஒருவர் நூறு படங்களை மேகச் சேமிப்புக்கு அனுப்பினால், உங்கள் குரல் அந்த வரிசைக்குப் பின்னால் மோடத்தில் காத்து நிற்கும். ரவுட்டரில் எஸ்.கியூ.எம். என்ற அமைப்பு இருந்தால், உங்கள் வேகத்தில் 90 வீதத்தை எல்லையாக வையுங்கள், வரிசை சேராது.

6. சேர்வரிலிருந்து திரும்பி வரும் உங்கள் குரலைக் கேட்டே பாடுங்கள். தாளம் பிடிக்க மற்றவருக்காகக் காத்திராதீர்கள்.

எட்டாத தூரம்

ஒட்டாவாவில் இருக்கிறவர்கள் எங்களோடு சேர்ந்து பாடலாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவும் பாடலாமா என்று சிலர் கேட்டார்கள். நாரிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்கிறது. யாழ்ப்பாணமோ 13,000 கிலோமீற்றருக்கு அப்பால். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும் ஒரு வழிக்கு மட்டும் 65 மில்லி செக்கன் ஆகும். எந்த வயரும் எந்தத் திட்டமும் அதைக் குறைக்காது. அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது வேறு: ஓர்கன் இசையைப் பதிவுசெய்து அனுப்புவோம், அதைக் கேட்டு அவர்கள் பாடி அனுப்பினால், எங்கள் பாட்டோடு சேர்த்துக்கொள்வோம்.

பயிற்சி 8 மணிக்கு. 7.30க்கே இணைப்புச் சோதனைக்கு வாருங்கள். வயரோ அடாப்டரோ இல்லாதவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். சேகரித்து வைத்திருக்கிறோம், தேவையான வீட்டுக்கு வந்து பொருத்தியும் தருவோம்.