பயன் என்ன என்று கேட்போருக்கு

ஊரார் பணம்! உழவன் சிந்திய வியர்வையும் ஆலைத் தொழிலாளி தேய்த்த உடலும் வரியாக மாறிக் கருவூலத்திலே வந்து சேர்ந்த பணம். அதிலே ஒரு பங்கைக் கொடுங்கள், கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடப் போகிறேன் என்கிறார் ஒரு விஞ்ஞானி. கொதிக்கும் நீரிலே உயிர் வாழுமா என்று பார்க்கப் போகிறேன் என்கிறார் இன்னொருவர். கூரையிலே பொத்தல், குழந்தைக்குப் பால் இல்லை, பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இல்லை. இந்த நிலையிலே இதற்கெல்லாம் பணமா, இதனால் என்ன பயன் என்று கேட்கிறார்கள்.

கேட்கட்டும்! கேட்கத்தான் வேண்டும்! கேள்வி கேட்காதே, காணிக்கையைப் போடு, கன்னத்தில் போட்டுக்கொள் என்பது மடாலயத்து வழக்கம், மக்களாட்சியின் வழக்கமன்று. கோயில் உண்டியலுக்குக் கணக்குக் கேட்கும் நாம், ஆய்வுக்கூடத்தின் வாசலிலே மட்டும் வாய்பொத்தி நிற்கச் சொல்லவில்லை. ஆனால், எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டபின் தீர்ப்புக் கூறுவோர் யார்? இங்கேதான் செல்வத்திலே கொழுத்த நாடுகளும் இடறி விழுந்திருக்கின்றன.

1969-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் அணுசக்திக் குழு கூடியிருக்கிறது. இல்லினாய் மாநிலத்துப் பட்டேவியாவிலே அணுவின் உட்கூறுகளை ஆராயப் பெரியதொரு துகள் முடுக்கி அமைக்க வேண்டும். செலவு 25 கோடி டாலர். திட்டத்தின் தலைவர் ராபர்ட் வில்சன் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். செனட்டர் பாஸ்டோர் கேட்கிறார்: நாட்டின் பாதுகாப்புக்கு இது உதவுமா? உதவாது என்கிறார் வில்சன். சிறிதும் உதவாதா? சிறிதும் உதவாது!

எண்ணிப் பாருங்கள். ரஷ்யாவுடன் போட்டி உச்சத்தில் இருந்த காலம். வியட்நாமிலே போர் நடந்த காலம். வில்சனோ, அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸ் கூடத்திலே பணியாற்றியவர். பாதுகாப்பு என்ற மந்திரத்தை உச்சரித்தால் பணப்பெட்டி தானே திறக்கும் என்பதை அறியாதவரல்லர். அறிந்தும் உச்சரிக்கவில்லை. நல்ல ஓவியர், நல்ல சிற்பி, நல்ல கவிஞர் ஆகியோரால் நாடு எப்படிப் பெருமை பெறுகிறதோ அப்படித்தான் இதுவும். நாட்டைக் காப்பதற்கு இது நேரே உதவாது, நாட்டைக் காக்கத்தக்கதாக ஆக்குவதற்கு உதவும் என்ற கருத்துப்படப் பேசினார். பணம் கிடைத்தது. ஃபெர்மி ஆய்வகம் என்று பின்னர் பெயர் பெற்ற அந்த இடத்திலேதான் 1977-லும் 1995-லும் பொருளின் அடிப்படைத் துகள்களில் இரண்டு கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே அமைந்த முடுக்கிக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட மீக்கடத்துக் கம்பித் தொழில், மருத்துவமனைகளிலே உடலுக்குள் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் வளர்ச்சிக்கும் துணை நின்றது. வாக்குறுதி தராத பயன் வந்து சேர்ந்தது. ஆனால், அந்தப் பயனைக் காட்டி அவர் பணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று அது பொய்யாகவே இருந்திருக்கும்.

அதே 1969-லே இன்னொரு சேதி. எல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளிலே வாழும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டறிந்து ஏட்டிலே வெளியிட்டார் தாமஸ் பிராக். அரசு நிதியிலே நடந்த ஆய்வு. வெந்நீரிலே கிருமி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அன்று ஒருவர் ஏளனம் செய்திருந்தால் மன்றமே கைதட்டியிருக்கும். 1983-லே கேரி முல்லிஸ், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைக் கோடி மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டார். கடுஞ்சூட்டிலும் கெடாத நொதி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. அதைத் தந்தது அந்த வெந்நீர்க் கிருமி! 2020-லே கொரோனா வந்து கதவைத் தட்டியபோது, நம் மூக்கிலும் தொண்டையிலும் குச்சியை விட்டு எடுத்துச் சோதித்தார்களே, அந்தச் சோதனைக்குப் பின்னே ஐம்பது ஆண்டுக்கு முந்திய அந்த ஊற்று இருக்கிறது.

பசி வந்த வீட்டிலும் உழவன் விதைக்கோட்டையைப் பிரிப்பதில்லை. ஆராய்ச்சி நாட்டின் விதைநெல். பாலுக்கும் பள்ளிச் சுவருக்கும் ஒதுக்கிய பணத்தைப் பிடுங்கி அதற்குக் கொடு என்று நாம் கூறவில்லை. விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கித் தின்றுவிடாதே என்கிறோம்! அதே உழவன், எல்லா நெல்லையும் விதையென்று எடுத்து வைப்பானா? மாட்டான். தூற்றுவான், நீரிலே போட்டு மிதப்பதை ஒதுக்குவான். பதரைத் தள்ளத்தான் வேண்டும். பதர் எது என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

தலைப்பைப் படித்துவிட்டுச் சிரிப்பது ஒரு முறை. அமெரிக்கச் செனட்டர் புராக்ஸ்மயர் அதைச் செய்தார். வீண் செலவைச் சாட, 1975 முதல் 1988 வரை ‘பொன் கம்பளி’ என்று ஒரு கேலிப் பட்டம் வழங்கினார். கம்பளியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மொட்டையடித்தல் என்றும் பொருள் உண்டு. முதல் பட்டம், மாந்தர் காதல்வயப்படுவது ஏன் என்ற ஆய்வுக்கு 84,000 டாலர் கொடுத்ததற்காக. மக்கள் பணத்தைக் காக்க வேண்டும் என்ற அவர் நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆனால், தலைப்பைப் பார்த்துத் தள்ளுவது, ஆளின் உடையைப் பார்த்து அறிவை அளப்பது போன்றதன்றோ! அந்த வெந்நீர்க் கிருமியும் அவர் கண்ணிலே பட்டிருந்தால் தப்பியிருக்குமா?

கேலி செய்வோர் பக்கம் மட்டுமா குற்றம்? கேட்போர் பக்கமும் உண்டு. டெக்சஸ் மாநிலத்து மண்ணுக்கடியிலே மாபெரும் துகள் மோதல் கூடம் ஒன்று கட்ட 1987-லே ஒப்புதல் தரப்பட்டது. முதலில் சொன்ன செலவு 440 கோடி டாலர் அளவு. 1993-லே அது 1,100 கோடியைத் தாண்டியது. நாடாளுமன்றம் பொறுமை இழந்தது, திட்டத்தை நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகிவிட்டது. தோண்டிய சுரங்கம் கிடந்தது, துகள் கிடைக்கவில்லை. கேள்வி சிறந்த கேள்விதான். கணக்குச் சிறந்த கணக்கன்று. பெண் வீட்டாரிடம் குறைத்துச் சொல்லித் திருமணத்தை முடித்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தரகன் தந்திரம், அறிவுத் துறைக்கு ஆகாது!

சரி, கேள்வி நல்லது, கணக்கும் நேர்மை. தீர்ப்புக் கூறுவோர்? அத்துறை வல்லுநரே கூடி மதிப்பெண் இடுகிறார்கள். வல்லுநர் என்றால் விருப்புவெறுப்பு அற்றவர் என்று நம்பச் சொல்கிறார்கள். நாம் நம்ப மறுத்துப் பழகியவர்கள். சுவீடன் நாட்டிலே இரு பெண் விஞ்ஞானிகளும் நம்ப மறுத்தார்கள். கிறிஸ்டின் வென்னெராஸ், ஆக்னஸ் வோல்ட் என்ற அவ்விருவரும் வழக்காடி, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மதிப்பெண் ஏடுகளைப் பெற்று ஆராய்ந்தனர். 1995-லே விண்ணப்பித்தோர் 114 பேர். ஆடவர் 62, மகளிர் 52. உதவி பெற்றோர் 20 பேர். அதிலே மகளிர் நால்வர்! ஆடவர் ஒருவருக்குக் கிடைக்கும் அதே மதிப்பெண்ணை ஒரு பெண் பெற வேண்டுமானால், இரண்டரை மடங்கு பணி காட்டியிருக்க வேண்டும் என்று 1997-லே ‘நேச்சர்’ இதழிலே எழுதினர். குழுவிலே உள்ளவருடன் தொடர்புடையோருக்குத் தனிச் சலுகை இருந்ததையும் எடுத்துக்காட்டினர். பெண் விடுதலைக்குப் பெயர்பெற்ற சுவீடனிலேயே இது!

ஹங்கேரி நாட்டு இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகள் காத்தலின் கரிகோ. அமெரிக்கா சென்று எம்.ஆர்.என்.ஏ. பற்றி ஆராய்ந்தார். நிதி கேட்ட விண்ணப்பங்கள் திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டன. 1995-லே பல்கலைக்கழகப் பதவியிலும் தாழ்த்தப்பட்டார். ட்ரூ வைஸ்மனுடன் 2005-லே அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பே பின்னர் கொரோனா தடுப்பூசிகளுக்கு அடித்தளமாயிற்று. 2023-லே நோபல் பரிசு இருவரையும் தேடி வந்தது. தள்ளியவர் எல்லாம் கயவர் என்று கூறமாட்டோம். வருங்காலத்தை முன்கூட்டி அறிவோர் எவருமிலர் என்றே கூறுகிறோம்.

அதனால்தான் சில நாடுகள் துணிந்து ஒன்று செய்தன. தகுதி குறைந்தவற்றை முதலிலே நீக்கிவிட்டு, மிஞ்சியவற்றிலே சீட்டுக் குலுக்கி எடுப்பது! நியூசிலாந்தின் மருத்துவ ஆய்வு மன்றம் புதுமையான ஆய்வுகளுக்கு 2013-லே இம்முறையைத் தொடங்கியது. சரிசமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்குச் சுவிட்சர்லாந்தின் அறிவியல் நிதியம் 2021 முதல் அதைக் கைக்கொண்டது. ‘இது நம் குடவோலை அல்லவா’ என்று மகிழ்வீர்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டை மட்டும் முழுதாகப் படியுங்கள். குடத்திலே ஓலை இட, நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். குலுக்கல் நேர்மைதான்; குடத்துக்குள் போகும் வழிதான் அடைக்கப்பட்டிருந்தது! குலுக்கியவன் கையை மட்டும் பார்த்தால் போதாது, குடத்தின் வாயையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டுக்கு வருவோம். 2020–21-லே நாட்டின் மொத்த உற்பத்தியிலே ஆராய்ச்சிக்கு ஆன செலவு 0.64 விழுக்காடு, நூறு ரூபாயிலே 64 காசு! 2023-லே அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்குச் சட்டம் இயற்றி, ஐந்தாண்டிலே 50,000 கோடி ரூபாய் என்றனர். அதிலே பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்றும் கூறினர். தொகை பெரிது. அது எவர் கைக்குப் போகிறது? பெயர்பெற்ற சில கூடங்களுக்கா? மாவட்டத்துக் கல்லூரியிலே, தன் குடும்பத்திலே முதன்முதலாகப் பட்டம் பெற்று ஆசிரியராக அமர்ந்து, நல்லதொரு கேள்வியை நெஞ்சிலே சுமந்து நிற்கும் இளைஞனுக்குமா?

ஆகவே நாம் கேட்பது இவை. விண்ணப்பம் தரும் விஞ்ஞானி, எதை அறிய விரும்புகிறேன், இதுவரை அறிந்தது என்ன, எந்த வழியிலே அறிவேன், என் கருத்துத் தவறானால் எப்படித் தெரிந்துகொள்வேன் என்று எளிய தாய்மொழியிலே ஒரு பக்கம் எழுதட்டும். பயன் தெரிந்தால் கூறட்டும். தெரியாவிட்டால் வில்சனைப் போலத் தெரியாது என்று கூறட்டும். செலவை முழுதாகச் சொல்லட்டும். தீர்ப்புக் கூறுவோர், தம் மாணவர், தம் நண்பர், தம் கூடத்தார் விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே செல்லட்டும். தள்ளினால் ஏன் தள்ளினோம் என்று எழுத்திலே தரட்டும். எவருக்குக் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கு, ஊர்வாரியாக, ஆண் பெண் வாரியாக, சமூகவாரியாக ஆண்டுதோறும் மக்கள் மன்றத்துக்கு வரட்டும்.

பயன் என்ன என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். கேள்வி கூர்மையா, வழி நேர்மையா, கணக்கு உண்மையா, நடுவர் நடுநிலையா என்றும் கேளுங்கள். அந்த நான்குக்கும் விடை கிடைத்தபின், கொடுங்கள், தயங்காமல் கொடுங்கள். விளைச்சலைப் பார்க்க நாம் இல்லாமற்போகலாம். விதைத்தவன் பேரனாவது பார்ப்பான்!