மின்சாரம் போனால் மறந்துவிடும் நினைவகம்

தோட்டவெளியில் ஒரு மாலைப்பொழுது. பெண்கள் சங்கத்தின் கணினி முன்னால் ஒரு தாய் அமர்ந்திருந்தார். காணாமற்போன மகனைப் பற்றிய விபரங்களை அவர் சொல்லச் சொல்ல, ஒரு தங்கை தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கடைசியாகக் கண்ட நாள், அன்று உடுத்திருந்த சட்டை, ஏறி இறங்கிய அலுவலகங்கள் என ஒன்றரை மணித்தியாலம் கடந்திருக்கும். திடீரெனக் கரண்ட் நின்றது. திரும்பி வந்தபோது திரையில் ஒரு வரிகூட இல்லை.

"திரும்பவும் முதலிலிருந்து சொல்லவேணுமோ பிள்ளை?" என்று அந்தத் தாய் கேட்டார்.

மறுநாள் கணினிக் கடையில் விசாரித்தபோது, "மெமறியைக் கூட்டிப் போடுங்கோ அக்கா. இப்ப ஒரு துண்டே 64 ஜிகாபைற்றில் வருகுது" என்றார்கள். சங்கத்தின் சேமிப்பில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். வாங்கத்தான் வேண்டுமா?

மேசையும் அலுமாரியும்

கணினியில் இரண்டு வகை நினைவகங்கள் உண்டு. 'றாம்' என்பது தையல் மேசை போன்றது. துணியை விரித்து வேலை செய்யும் இடம் அது. வன்தட்டு அலுமாரி போன்றது. 'சேமி' என்று கட்டளை கொடுக்கும்போதுதான் வேலை மேசையிலிருந்து அலுமாரிக்குப் போகிறது. மின்சாரம் நின்றால் மேசையில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். மேசை சிறிதானாலும் பெரிதானாலும் இதுதான் கதி.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டெனார்ட் கண்டுபிடித்த முறைதான் இன்றும் பயன்படுகிறது. ஒவ்வொரு தகவல் துளியும் மிக நுண்ணிய கொள்ளளவி ஒன்றில் மின்னேற்றமாக நிற்கிறது. அது ஓட்டைக் குடம் போல ஒழுகும். அதனால் ஒரு செக்கனுக்குள் பல தடவை அதை மீள நிரப்ப வேண்டும். 64 ஜிகாபைற் துண்டொன்றில் இப்படி ஏறத்தாழ 55 ஆயிரம் கோடி குடங்கள் உள்ளன.

2000களின் தொடக்கத்தில் 256 மெகாபைற் உள்ள கணினியே நல்ல கணினி. இன்று நான்கு 64 ஜிகாபைற் துண்டுகளைப் பூட்டினால், மேசைக் கணினியிலும் 256 ஜிகாபைற் கிடைக்கும். அது ஆயிரம் மடங்குக்கும் மேல். ஆனால் அது பெரிய திரைப்பட வேலைக்கும், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்குவதற்கும் உரியது. 2025இன் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால் உலகெங்கும் றாம் விலை கடுமையாக ஏறியது.

பெண்கள் பின்னிய நினைவகம்

மறக்காத நினைவகமும் இருந்தது. 1969இல் சந்திரனில் மனிதரை இறக்கிய அப்பலோ விண்கலத்தின் கணினிக்கு, அமெரிக்காவின் வோல்த்தம் நகரிலிருந்த றேதியன் தொழிற்சாலையில் பெண்கள் கையால் நினைவகம் பின்னினார்கள். கம்பி காந்த வளையத்தின் ஊடாகச் சென்றால் ஒன்று, வெளியே சென்றால் பூச்சியம். நாம் பனையோலை பின்னுவது போல, பொறுமையும் கண்ணும் கையும் சேர்ந்த வேலை. மின்சாரம் போனாலும் அது மறக்கவில்லை. அதன் அளவோ ஒரு மெகாபைற்றில் பத்திலொரு பங்குகூட இல்லை.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, கடிதம், கணக்கு, ஆவணங்களை ஸ்கான் செய்தல் ஆகியவற்றுக்கு 8 ஜிகாபைற் போதும். அல்பம், அழைப்பிதழ் வடிவமைத்துச் சம்பாதிக்க விரும்புவோருக்கு 16 ஜிகாபைற் தாராளம். வாங்குமுன் உங்கள் கணினி டி.டி.ஆர்.3, 4, 5 இவற்றில் எதை ஏற்கும் என்று கேளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

மிச்சப்படும் பணத்தில் யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். 2022இல் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. யூ.பி.எஸ். தரும் சில நிமிடங்கள் சேமிப்பதற்குப் போதும். அது இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பந்தி முடிவிலும் 'கன்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையை அழுத்தப் பழகுங்கள். இதற்குச் செலவே இல்லை.

பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். காணாமற்போனோர் விபரங்கள் பிறர் கையில் சிக்காதபடி கடவுச்சொல் இடுங்கள். அச்சிட்ட பிரதியையும் பிளாஸ்ரிக் உறையில் பேணுங்கள். 1990இல் மடுவுக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடியபோது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்கள் எத்தனை பேர்!

அந்தத் தாய் மறுநாளும் வந்தார். முதலிலிருந்து சொன்னார். இம்முறை தங்கை ஒவ்வொரு வரிக்கும் சேமித்தாள். நெஞ்சைப் பிளக்கும் கதையை ஒரு தாயிடம் இரண்டாந்தரம் கேட்கும் நிலை இனி எந்தச் சங்கத்திலும் வரவேண்டாம்.